மிச்ச விசை

கணைவண்டி பாளையங்கோட்டையில் கிளம்பித் தாம்பரத்தில் நிற்பதற்குள் ஒரு முழம் பிச்சிப்பூ கட்டிவிடலாம். பூக்காரச் செல்லக்கனி தினமும் அதைத்தான் செய்துகொண்டு போகிறாள். மடியில் உதிரிப்பூ, விரலிடுக்கில் வாழைநார். ஒரு மொட்டுகூட இடம் மாறாது. எதிரே ஒருவர் விளிம்புவரை நிரம்பிய காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி வழிவார். சொட்டு சிந்தாது. வண்டி எப்போது எடுப்பார்கள் என்று புது ஆள் யாராவது கேட்டால், தாம்பரம் வந்தாயிற்று, இறங்குங்கள் என்பதுதான் பதிலாக இருக்கும்.

வேகம் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அந்த வேகத்தை எட்டிப் பிடிப்பதும் பிறகு அதை விட்டுக்கொடுப்பதும்தான் ஆளைப் படுத்தும். அறுநூறு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்துக்குள் கடக்க, பாதி வழி வரை ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு முப்பது மீட்டர் வீதம் வேகம் கூட வேண்டும். மீதி வழியில் அதே கணக்கில் குறைய வேண்டும். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிட்ட கணக்குத்தான். அந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வரும் வடிவின் நிறை அறுபது கிலோ. முப்பதால் பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு. அதாவது இன்னும் மூன்று வடிவுகள் அவள் மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டோம் என்று அடம்பிடித்தால் எப்படியோ அப்படி. ஒரு வடிவையே தாங்க முடியவில்லை என்பான் அவள் புருஷன் நயினார். சொல்வானே தவிர, தாங்கிக்கொண்டுதான் இருந்தான்.

அந்த மூன்று வடிவுகளையும் இறக்கிவிடுவதற்காக வந்ததுதான் ஈடிருக்கை. அது விடாமல் பெருக்கிப் பார்த்து, தேவையான விசையை உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் பங்காகப் பிரித்துக் கொடுத்துவிடும். தலைக்குத் தலையின் பங்கு, வயிற்றுக்கு வயிற்றின் பங்கு. எல்லாம் சேர்ந்தே நகர்வதால் எதுவும் எதையும் அழுத்தாது. உடம்பு தன் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

பெருக்குவதற்கு நிறை தெரிய வேண்டும். அதற்காக வாசலில் நிறைத்தட்டு பதித்திருந்தார்கள். அதில் ஏறி நின்றால் ஆளையும் பையையும் பகுதி பகுதியாக அளந்து இருக்கைக்குச் சொல்லிவிடும். தட்டைத் தாண்டிய பிறகு எதையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். எழுதிப் போட்டால் கேட்டுவிடுவோமா? வழியனுப்ப வந்த மச்சான் கம்பி வேலிக்கு மேலே நீட்டிய ஒரு கிலோ அல்வாவை ஒருவர் ஆசையாக மடியில் வைத்துக்கொண்டார். இருக்கையின் கணக்கில் அந்த அல்வா இல்லை. வண்டி கிளம்பியதும் அது மூன்று கிலோக் கல்லின் பலத்தோடு அவர் வயிற்றுக்குள் புகப் பார்த்தது. பாதி வழியில் வேகம் குறையத் தொடங்கியபோது அதே பலத்தோடு முன்னால் பாய்ந்து செல்லக்கனியின் பூக்கூடையில் விழுந்தது. கணக்கில் சேராத நிறைக்கு மட்டும் பழைய உலகத்தின் சட்டம் அப்படியே செல்லும்.

அப்படி ஈடாகாமல் நிற்கும் விசைக்குப் பட்டறையில் மிச்சம் என்று பெயர். வடிவு தாம்பரம் பட்டறையில் மிச்சம் பார்ப்பவள். பழுது நீக்கிய இருக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதனைத் தடத்தில் ஏற்றி, தானே உட்கார்ந்து ஓடிப் பார்ப்பாள். இடது தோளில் கொஞ்சம் நிற்கிறது, கழுத்தில் லேசாக இழுக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள். கருவிகள் தடுமாறும் இடத்தில்கூட அவள் உடம்பு தடுமாறாது. மிச்சம் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் இருக்கை வண்டிக்குப் போகும். நிலையத்துச் சுவரில் ஆளுயர எழுத்தில் ‘ஒன்றும் தெரியாது’ என்று எழுதியிருந்ததே, அந்த வாக்கைப் பத்து வருடமாகக் காப்பாற்றி வந்தவர்களில் அவளும் ஒருத்தி. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

பணியாளர்கள் தினமும் தட்டில் ஏற வேண்டியதில்லை. பக்கத்து வழியாக வந்து அவரவர் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளலாம். பருவத்துக்கு ஒருமுறை எடுத்த நிறை எண்ணே ஓடிக்கொண்டிருக்கும். அதை மாற்றும் அதிகாரம் பட்டறை மேலாள் எஸ்தர் அக்காவுக்கு மட்டும்தான்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் ஒரு காலையில், வண்டி கிளம்பியதும், வடிவுக்கு அடிவயிற்றில் மிச்சம் நின்றது.

ரொம்பக் கொஞ்சம். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நயினார் முந்தின நாள் கிண்டிக் கொடுத்த உளுந்தங்களியின் மேல்தான் முதலில் பழி போட்டாள். ஆனால் களியின் மிச்சம் மேல்வயிற்றில் நிற்கும், மத்தியானத்துக்குள் போய்விடும். இது கீழே நின்றது. மறுநாளும் நின்றது. நாள் தள்ளியிருந்ததை ஒப்புக்கொள்ள மனசு வராமல் காலண்டரைப் பார்க்காமலே நடமாடிக்கொண்டிருந்தவளுக்கு, இருக்கை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது.

அவள் சந்தோஷப்படவில்லை. பயந்தாள். இதற்கு முன் இரண்டு முறை வந்து தங்காமல் போனது. முதல் முறை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். நயினார் அன்றைக்கே உத்தரத்தில் தொட்டில் கொக்கி மாட்டினான். அது போன பிறகு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கொக்கியைக் கழற்றி, துளையைச் சுண்ணாம்பு வைத்துப் பூசியிருந்தான். பூசிய இடம் மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருந்தது. இருவரும் படுத்தால் அதுதான் கண்ணில் படும், இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இரண்டாம் முறை டாக்டரம்மா படம் எடுத்துக்கொண்டிருந்தவர் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு முறை அப்படி ஒரு திரை திரும்புவதைப் பார்க்க வடிவால் முடியாது.

மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் பக்கத்து வழக்கம். கண் பட்டுவிடுமாம். தெரிந்தவர்களும் கேட்கக் கூடாது, அவளாகச் சொல்லும்வரை தெரியாதது போலவே இருக்க வேண்டும். நட்சத்திரங்களுக்குக் கலம் அனுப்புகிற காலத்திலும் கண்ணேறு மட்டும் குறைந்தபாடில்லை. வழக்கம் அவளுக்கு வசதியாக இருந்தது. டாக்டரிடமும் போகவில்லை, நயினாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை அந்த நல்ல மனுஷன் சுண்ணாம்பு குழைக்க வேண்டி வரக் கூடாது என்று நினைத்தாள்.

ஆகக் குழந்தையைப் பற்றி அவளுக்கு வந்த ஒரே சேதி காலை வண்டியின் மிச்சம்தான். வண்டி வேகம் எடுக்கும்போது அடிவயிறு மெல்லப் பின்னால் போகும். பாதி வழியில் ஒரு கணம் ஒன்றும் இருக்காது. பிறகு வேகம் குறையும்போது மெல்ல முன்னால் வரும். ஒரு தூளியை ஒரே ஒரு தடவை ஆட்டிவிட்ட மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதன் அளவைப் பார்ப்பாள். மூன்று அலகு விசை. முப்பதால் வகுத்தால் நூறு கிராம். அடுத்த வாரம் ஐந்து அலகு. அதற்கடுத்து ஒன்பது, அதாவது முந்நூறு கிராம். அதில் குழந்தை என்பது நெல்லிக்காய் அளவுகூடத் தேறாது என்று அவளுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அது தனக்காகக் கட்டச் சொன்ன வீடும் வாசலும் தண்ணீரும். இருந்தாலும் குடி வராத வீட்டை யார் இவ்வளவு பெரிதாகக் கட்டுவார்கள் என்று தன்னையே கேட்டுத் தேற்றிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வண்டி ஏறாவிட்டால் சேதி இல்லையே. நயினார், இவ்வளவு வேலைப் பைத்தியத்தை நான் பார்த்ததில்லை என்று கேலி செய்தான்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை வண்டி கிளம்பியது. மிச்சம் இல்லை.

வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வாரை நெகிழ்த்திப் பார்த்தாள், நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். அடிவயிறு மற்ற உடம்போடு சேர்ந்து அமைதியாக இருந்தது. பாதி வழி வந்தது. முன்னாலாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எத்தனை ஆயிரம் இருக்கைகளில் அவள் தேடித் தேடிக் கொண்டுவந்த அமைதி அது! இதற்குத்தானே சம்பளம் வாங்கினாள்? அன்றைக்கு அது அவள் மேல் மண்ணைப் போட்டு மூடியது போல இருந்தது.

முந்நூறு கிராம் ஒரே ராத்திரியில் எங்கே போகும், உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லையே என்று அறிவு கேட்டது. பயம் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. திரை திரும்பியதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது.

தாம்பரத்தில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவள் பட்டறைக்குப் போகாமல் பயணிகள் வாசலுக்கு வந்தாள். அங்கே நிறைத்தட்டு இருந்தது. ஏறி நின்றால் அது பகுதி பகுதியாகச் சொல்லிவிடும். ஒரு எட்டு வைத்தால் போதும். அவளால் வைக்க முடியவில்லை. தெரியாத வரைக்கும் அது இருக்கிறது என்ற பிடிவாதம் ஒரு காலைப் பின்னால் இழுத்தது. பின்னால் வரிசை நீண்டது. உடம்பு சரியில்லையா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். வடிவு தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிவது அவளுக்குத் தெரியவில்லை.

யாரோ முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். எஸ்தர் அக்கா. மூன்று பிள்ளை பெற்றவள், பட்டறையையும் நாலாவது பிள்ளையாக அதட்டி வளர்த்தவள். வடிவு பட்டறைக்கு வராமல் வாசலில் நிற்பதைத் திரையில் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க ஓடி வந்திருந்தாள்.

“ஏட்டி, எதுக்கு அழுத? அதுல ஏறாண்டாம். நாந்தான் மாத்துனேன்.”

“என்னத்தக்கா மாத்துனிய?”

“ஒன் நிறை எண்ணத்தான். ரெண்டு வாரமா பாக்கேன், ஒன் இருக்கையில அடிவயித்துப் பக்கம் மட்டும் மிச்சம் நிக்கி. நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா? நீயா சொல்லாம எப்படிக் கேக்க? கேட்டா கண்ணு பட்டுரும்லா. பச்ச உசுர தினமும் போட்டு இழுக்க வேண்டாமேன்னு சனிக்கிழம சாயங்காலம் எண்ண ஏத்திப் போட்டேன்.”

வடிவு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று வரிசையில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. ஒருத்தி சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொள்ள, இன்னொருத்தி கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொள்ள, நடுவில் இருந்த பச்சை உசிர் தன் பாட்டுக்குத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. எஸ்தர் அக்காவுக்கு விஷயம் புரிந்தபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நல்லது செய்கிறேன் என்று நெஞ்சைப் பிளந்துவிட்டேனே என்று புலம்பினாள்.

“பழைய எண்ணையே போட்டுருங்கக்கா,” என்றாள் வடிவு. “அது இழுக்கட்டும். இழுத்தாத்தான் எனக்கு உசுரு.”

போட மாட்டேன், முதலில் டாக்டரிடம் போ என்றாள் எஸ்தர் அக்கா. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வடிவு அன்றைக்கே புருஷனிடம் சொல்ல வேண்டும், அவனோடு டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் எவ்வளவு தாங்கும் என்கிறாரோ அவ்வளவு மிச்சத்தை மட்டும் எஸ்தர் அக்கா விட்டுவைப்பாள்.

சாயங்காலம் நயினாரிடம் சொன்னாள். எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஒரே ஒரு முறை கேட்டான். அவள் உத்தரத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். மறுநாள் டாக்டரம்மா திரையை அவர்கள் பக்கமே வைத்திருந்தார். நெல்லிக்காய்க்குக் கை முளைத்து, அது ஆட்டிக்கொண்டும் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் அது ஒரு வீட்டுச் சமாச்சாரம். ஆனால் வரிசையில் நின்றவர்களுக்குக் காது இருந்தது. அடுத்த மாதமே வாசலில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, அடிவயிற்றுக்கு மட்டும் பழைய கணக்கையே ஓட விடுங்கள் என்று கேட்டாள். பிறகு இன்னொருத்தி. கர்ப்பிணிகள்தான் கேட்கிறார்கள் என்று நிர்வாகம் நினைத்துக்கொண்டிருந்தபோது மற்றவர்களும் வந்தார்கள். தூக்கி வைத்திருக்கும் பேத்தியின் கனம் கையில் தெரிய வேண்டும் என்றார் ஒருவர். புதிதாகக் கல்யாணமான ஜோடி, எங்கள் இருவரின் தோளையும் கணக்கில் சேர்க்காதீர்கள், சாய்ந்தால் சாய்ந்தது தெரியட்டும் என்று வெட்கத்தோடு கேட்டது. ஒன்றும் தெரியாமல் போய்வருவதற்காக எத்தனை அறிவாளிகள் கண்விழித்துக் கட்டிய வண்டி! மக்களோ, கொஞ்சம் தெரிந்தால் தேவலை என்று வரிசையில் நின்றார்கள். நிர்வாகத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு புத்தி வந்தது. சுவரில் ‘ஒன்றும் தெரியாது’ என்பதன் கீழே, சிறிய எழுத்தில், ‘கேட்டால் கொஞ்சம் தெரியும்’ என்று எழுதி வைத்தார்கள். மிச்சத்தைத் தேடித் தேடி அழித்த பட்டறை, யாருக்கு எவ்வளவு மிச்சம் விடலாம் என்று பார்க்கும் பட்டறையானது.

வடிவின் வயிறு வளர வளர, டாக்டரம்மாவின் சொற்படி எஸ்தர் அக்கா அவள் எண்ணை ஏற்றிக்கொண்டே வந்தாள். ஒரு கைப்பிடி மிச்சம் மட்டும் எப்போதும் நிற்கும். குழந்தை உள்ளிருந்து உதைக்கத் தொடங்கிய பிறகு அதற்கும் தேவை இல்லாமல் போயிற்று. நயினார் மறுபடி கொக்கி மாட்டினான். பழைய துளையில் அல்ல. அதற்கு ஒரு சாண் தள்ளி.

பெண் குழந்தை. செண்பகம் என்று பெயர் வைத்தார்கள்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய காலையில், தூளியில் கிடந்தவளை வடிவு நூறு தடவை எட்டிப் பார்த்தாள். நயினார்தான் வடிவை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியில் ஏறித் தன் பழைய இருக்கையில் உட்கார்ந்து வாரைப் போட்டுக்கொண்டாள். செல்லக்கனி பூவைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் நிறத்தையும் முடியையும் விசாரித்தாள். வண்டி கிளம்பியது.

ஏதோ ஒன்று வடிவின் அடிவயிற்றை முன்னால் தள்ளியது.

திடுக்கிட்டு வாரைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் புரிந்தது. விடுப்பில் போனபோது இருந்த எண்ணை யாரும் மாற்றவில்லை. இருக்கையின் கணக்கில் செண்பகம் இன்னும் உள்ளேதான் இருந்தாள். அவளுக்குரிய விசையை, நான்கு கிலோவை முப்பதால் பெருக்கி, நூற்றிருபது அலகை, அது ஒரு குறையும் வைக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. காலியான வயிறு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டது. பாதி வழி வந்தது. ஒரு கணம் எல்லாம் நின்றது. வேகம் குறையத் தொடங்கியதும் விசை திசை மாறியது. தாம்பரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குள், இருக்கை வடிவை மட்டும் பலமாகப் பின்னால் தள்ளியது. பின்னால் என்றால் பாளையங்கோட்டைப் பக்கம். வண்டி நிற்கும்வரை தள்ளிக்கொண்டே இருந்தது.

பட்டறை வாசலில் எஸ்தர் அக்கா பதறிக்கொண்டு நின்றாள். திரையில் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“என் புத்தியச் செருப்பால அடிக்கணும், மறந்தே போயிட்டேன். ரொம்பத் தள்ளிட்டாட்டி? இப்பவே எண்ண மாத்திருதேன்.”

வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கொறைச்சிருங்கக்கா. முழுசா எடுக்காண்டாம். ஆனா இது பழுது இல்ல. வீட்டப் பாத்துத்தான் தள்ளுது.”

எஸ்தர் அக்காவுக்குப் பட்டறையை அதட்டும் குரல் எங்கேயோ போயிருந்தது.

“நான் மூத்தவன விட்டுட்டு வேலைக்கு வந்தப்ப இந்த இருக்கையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சாதாரண பஸ்தான். அன்னைக்கும் இப்படித்தாண்டி தள்ளுச்சு.”

இருவரும் உள்ளே போனார்கள். சோதனைத் தடத்தில் அன்றைய முதல் இருக்கை வடிவுக்காகக் காத்திருந்தது.